அலமாரிக்குள் உட்கார்ந்து சிரித்தவள்

1

போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எங்கள் பேச்சையெல்லாம் ஏற்றி வைத்திருக்கிற இணையதளக்காரன் அனுப்பியது. உங்கள் குரலைக் கேட்டு ஒரு வருஷம் ஆகிறது, ஏங்கிப் போயிருக்கிறோம் என்று எழுதியிருந்தான். ஏங்குகிறானாம்! வாலாஜாபாத்தில் இருக்கிற என் அம்மாவே அப்படியெல்லாம் ஏங்கினதில்லை. போன் பண்ணினால், “காசு ஏறும், வையி” என்பாள். கீழே சின்ன எழுத்தில் விஷயம் இருந்தது. புதிதாக ஒன்றும் ஏற்றாவிட்டால் கணக்கை மூடிவிடுவார்களாம். அதானே பார்த்தேன்.

மூடுவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று பழையது ஒன்றைப் போட்டேன். அந்த நேரம் பார்த்து என் பையன் அகிலன் பாலர் பள்ளியிலிருந்து வந்தான். ஷூவைக் கழற்றிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கொரிய மொழியில், “இந்த ஆன்ட்டி யாரு, ஏன் இப்படிச் சிரிக்கிறாங்க?” என்று கேட்டான். “அம்மாடா, நான்தான்” என்றேன் தமிழில். நம்பவில்லை. அவனுக்குத் தெரிந்த அம்மா சாப்பிடு, தூங்கு, ஓடாதே என்கிற மூன்று வார்த்தைக்காரி. சிரிக்கிறவள் யாரோ வேற்று மனுஷி.

நானும் என் சினேகிதியும் நடத்திய பேச்சு நிகழ்ச்சி ஏன் நின்றது என்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். நேரமில்லை, பையனுக்கு ஸ்கூல், நெட் சரியில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடந்ததை இப்போதுதான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

டிப்ளமோ முடித்த கையோடு ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் சார்ஜர் செய்கிற ஒரு கம்பெனியில் லைனில் சேர்ந்தேன். வீடு ரொம்பத் தூரமில்லை என்றாலும் ஷிப்ட் தொல்லைக்காகத் தண்டலத்தில் ரூம். ஒரே ரூமில் எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள். அதில் ஒருத்தி இசக்கி. சங்கரன்கோவில் பக்கம் அவளுக்கு ஊர். முதல் நாள் என்னைப் பார்த்து, “ஏட்டி, தண்ணி எங்கன பிடிக்கணும்?” என்றாள். “இன்னாது, ஏட்டியா? மருவாதியா பேசு” என்று சண்டைக்குப் போனேன். அவளுக்கு ஒரே சிரிப்பு. அன்றைக்கு ஆரம்பித்த சண்டை, நான் கல்யாணமாகிப் போகும் வரை ஓயவில்லை. அதைத்தான் சினேகிதம் என்று சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை. கல்யாணமான மறு வருஷம் அவரைக் கொரியாவுக்குத் தலைமை ஆபீசுக்கே அனுப்பினார்கள். நானும் வந்தேன். வெளிநாடு, வெளிநாடு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்து ஜன்னலைத் திறந்தால், அதே தகரக் கூரை, அதே கம்பெனி பஸ், கழுத்தில் அதே அடையாள அட்டையோடு அதே மாதிரி ஜனம். ஒரகடம் கூட்ரோட்டில் பனி பெய்தால் எப்படி இருக்குமோ அதுதான் நான் பார்த்த வெளிநாடு. வித்தியாசம், அங்கே எனக்கு வேலை இருந்தது. இங்கே என் விசாவில், இன்னாரைச் சார்ந்தவள் என்று போட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையானால் இசக்கிக்குப் போன் போடுவேன். அவள் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள். நான் இங்கே குப்பையைப் பிரித்துப் போடத் தெரியாமல் பக்கத்து வீட்டு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னால், ரூமே உருண்டு சிரிக்கும். “யக்கா, இத ரெக்கார்டு பண்ணிக் குடுத்தீங்கன்னா பஸ்ல கேட்டுக்கிட்டே போவோம்” என்று ஒருத்தி சொல்லிவைத்தாள். அப்படித்தான் ‘பஸ் வர்ற வரைக்கும்’ பிறந்தது. பாட்காஸ்ட் என்று அதற்குப் பெயர் என்பதே எங்களுக்குப் பிற்பாடுதான் தெரியும். ஊரில் கடைசி வரை அதற்கு ‘ரெக்கார்டு’ என்றுதான் பேர்.

3

சும்மா அரட்டை அடிப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது சும்மா அரட்டை அடிப்பவர்களுக்குத் தெரியாது.

போனில் பேசுகிறதை அப்படியே பிடித்தால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கிற மாதிரி இருந்தது. அதனால் அவரவர் குரலை அவரவர் தனியாகப் பிடிப்பது என்று வைத்துக்கொண்டோம். அவள் தண்டலத்தில் போர்வைக்குள் தலையை விட்டுக்கொள்வாள். நான் இங்கே துணி அலமாரிக்குள் குளிர்கோட்டுகளுக்கு நடுவில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். எதிரொலி இருக்காது, வேர்வை இருக்கும். காதில் போன், எதிரில் குரலைப் பிடிக்க இன்னொரு கருவி. “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று இரண்டு பேரும் சேர்ந்து கை தட்டுவோம். பிறகு அவள் தன் பாதியை அனுப்பி வைப்பாள். கம்ப்யூட்டரில் மேல் பட்டையில் அவள், கீழ்ப் பட்டையில் நான். இரண்டு கைதட்டலையும் நேருக்கு நேர் கொண்டுவந்து வைத்தால், மூவாயிரம் மைல் தாண்டி இருக்கிற இரண்டு பேரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஆகிவிடும்.

அப்புறம் வெட்ட வேண்டும். குக்கர் விசில், பக்கத்து ரூம் சண்டை, “இரு, சுரிதார் காயப் போட்டேன், மழை வருது” எல்லாவற்றையும் வெட்டுவேன். ரொம்ப வெட்டினால் ரேடியோ செய்தி மாதிரி ஆகிவிடுகிறது என்று ஒரு விசிலைத் திரும்ப ஒட்டுவேன். சகஜமாக இருப்பதற்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

எல்லாம் முடித்து இணையத்தில் ஏற்றினால், ஊரில் அதை இறக்கிக் கேட்க யாரிடம் நெட் இருந்தது? ஸ்ரீபெரும்புதூர் ரீசார்ஜ் கடை அண்ணன் ஒருவர் இறக்கி, பாட்டு ஏற்றுகிற மெமரி கார்டில் இதையும் சேர்த்து ஏற்றிக் கொடுப்பார். ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் புளூடூத்தில் போகும். கம்பெனி பஸ் டிரைவர் ஒருவர் ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் ஸ்டார்.

இதில் இசக்கி ஒரு சட்டம் போட்டாள். வாரநாளில் யாரும் யாருக்கும் எந்தக் கதையும் சொல்லக்கூடாது. சொன்ன கதையைத் திரும்பக் கேட்டால் சிரிப்பு வராது, பொய்ச் சிரிப்பு காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் கட்சி. சரியான கட்சிதான். நான் ஏதாவது ஆரம்பித்தால், “ஞாயித்துக்கெழமக்கி வையி, ஞாயித்துக்கெழமக்கி வையி” என்று போனைக் கட் பண்ணிவிடுவாள். கொஞ்ச நாளில் எனக்குக் காய்ச்சல் வந்ததுகூட அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும், அதுவும் கொரிய நர்சு ஊசியோடு துரத்தின காமெடியாக. உலகத்திலேயே எனக்கு நெருங்கின சினேகிதி அவள். அவளிடம் மைக் இல்லாமல் நான் ஒன்றுமே பேசவில்லை.

4

இங்கே நான் பட்டதெல்லாம் அங்கே சரக்கு. வெளிநாட்டார் ஆபீசில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். நம் ஊர்க்காரர்களுக்கு அப்பா பேர்தானே இனிஷியல், அதை இவர்கள் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு, “ஏகாம்பரம்! ஏகாம்பரம்!” என்று கூப்பிட்டிருக்கிறார்கள். யாரோ நம் ஊர் ஆம்பிளை வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று நானும் ஆசையாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு ஆபீசை மூடும்போதுதான் அந்த ஏகாம்பரம் நான் என்று புரிந்தது. தமிழும் கொரிய மொழியும் ஒட்டிப் பிறந்தவை என்று மெயில் அனுப்புகிறவர்கள் ஒரு நாள் அந்த ஆபீசில் வந்து உட்கார வேண்டும்.

அலமாரிக்குள் இதைச் சொன்னபோது இசக்கி சிரித்த சிரிப்பில் அவள் போன் கீழே விழுந்தது. பஸ்ஸில் ஒரு மாதம் யாரைப் பார்த்தாலும் ஏகாம்பரம்தானாம். எனக்கும் அந்த ஆபீஸ் அதற்கப்புறம் அவ்வளவாக வலிக்கவில்லை.

அவளுக்கும் வலி இருந்தது. இசக்கியின் அப்பா புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை தைக்கிறவர். அய்யா என்று கூப்பிடுவாள். நல்ல மனிதர்தான். ஆனால் அவளுக்கு அத்தை மகன் ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான். அவனைக் கட்ட இவளுக்கு இஷ்டமில்லை. மன்றாடி, அழுது, கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். வேலை இருக்கிற வரைக்கும் அய்யா கல்யாணப் பேச்சை எடுக்க மாட்டார். வேலை போனால் மறு பஸ்ஸில் ஊருக்கு வந்து கழுத்தை நீட்டிவிட வேண்டும். மற்றவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தார்கள். இவள் கழுத்துக்கு வேலை பார்த்தாள்.

அந்த அய்யாவும் எங்கள் ரசிகர். இசக்கியின் தம்பி போனில் ஏற்றிக் கொடுக்க, சாயங்காலம் மண்டி வாசலில் உட்கார்ந்து ஒன்று விடாமல் கேட்பாராம்.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை இசக்கி குரலில் ஒரு தனித் துள்ளல். நல்ல சரக்கு வைத்திருக்கிறாள் என்று நான் கால் நீட்டி உட்கார்ந்தேன்.

“எங்க மேனேஜர் எல்லாத்தையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டாரு மேகலா. போனா, ஸ்வீட்டு, காரம், காப்பி. பொண்ணு பாக்க வந்த வீடு கணக்கா இருக்கு. அதுவரைக்கும் அந்த கேன்டீன்ல காப்பிய நான் கண்ணால பாத்ததில்ல.”

“அய்யய்ய, அப்புறம்?”

“நீங்கள்லாம் எங்க குடும்பம்னாரு. அதான் முதல்லயே சொல்லுதோம், லைன மூடப் போறோம்னாரு.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

“எங்கையில மைசூர்பாகு. கடிக்கதா வேண்டாமான்னு தெரியல. கடிச்சா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமோன்னு அப்படியே பிடிச்சுக்கிட்டே நிக்கேன். பக்கத்துல ஒருத்தி, ஏட்டி, ஒழுகுதுட்டி, தின்னு தொலைங்கா.”

“தின்னியா இல்லியா?”

“தின்னுட்டேன். நெய்லா!”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சிரித்து. நல்ல கற்பனை என்று நினைத்தேன். முடிந்ததும், “செரி, வைக்கேன்” என்று அவள் உடனே வைத்துவிட்டாள். அலமாரியை விட்டு வெளியே வந்து, “இன்னிக்கி சூப்பரா வந்துகீது” என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

6

திங்கட்கிழமை பையனை அனுப்பிவிட்டு வெட்ட உட்கார்ந்தேன். அவள் பாதியில் ஏதோ இரைச்சல். அதைச் சரி பார்ப்பதற்காக என் பட்டையை ஊமையாக்கிவிட்டு அவளுடையதை மட்டும் ஓட்டினேன்.

ஒரு பெண் பேசுகிறாள். கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள் என்கிறாள். நிறுத்துகிறாள். லைனை மூடப் போகிறார்கள் என்கிறாள். நிறுத்துகிறாள். நான் சிரித்த இடத்திலெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் போர்வைச் சத்தம். மைசூர்பாகு என்று சொல்லிவிட்டு ரொம்ப நேரம் மூக்கை உறிஞ்சுகிறாள். என் சிரிப்பை எடுத்துவிட்டால் அதில் ஒரு ஜோக்கும் இல்லை. வேலை போன ஒருத்தி, வேலை போன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சட்டமாவது மண்ணாவது என்று உடனே போன் போட்டேன்.

“என்னட்டி, ஞாயித்துக்கெழமதான பேசணும்?”

“இசக்கி, நெஜமாவே மூடறாங்களாடி?”

“ஆமா” என்றாள். “இந்த மாசத்தோட.”

“அடிப்பாவி! என்னாண்ட மொதல்லயே சொல்லக்கூடாதா? நான் பாட்டுக்கு கெக்கெபிக்கேன்னு சிரிச்சினு இருந்தனே!”

“சொன்னா சிரிச்சிருப்பியா?”

திரையில் ஊமையாக்கி வைத்திருந்த என் பட்டையைப் பார்த்தேன்.

“நீ சிரிக்கணும்னுதான் சொல்லல” என்றாள். “எங்க தெருக்காரி ஒருத்தியும் இங்கனதான் வேல பாக்கா. இன்னைக்கி இல்லாட்டி நாளைக்கி சேதி ஊருக்குப் போயிரும். அதுக்கு முந்தி நம்ம ரெக்கார்டு போயிரணும். அய்யா கேட்டுட்டாருன்னா, அப்புறம் யார் வந்து கம்பெனிய மூடுதாங்கன்னு சொன்னாலும், அட, அது எம்மவ ரெக்கார்டுல சொன்ன ஜோக்குல்லான்னு அவரே சொல்லிருவாரு. எனக்கு ஒண்ணு ரெண்டு மாசம் கெடச்சாப் போதும். ஒரகடத்துல எங்கயாவது ஏறிக்கிடுவேன்.”

நான் அழுதேன். ரொம்ப அசிங்கமாக அழுதேன். இந்தக் கிறுக்கி, கட்டிலில் போர்வைக்குள் உட்கார்ந்துகொண்டு, தன் கழுத்தை என் சிரிப்பில் ஒளித்து வைக்கப் பார்த்திருக்கிறாள்.

“அழாத. ஒரு காரியம் செய்யி” என்றாள். “பொண்ணு பாக்க வந்த வீடுன்னு சொல்லுதேன்லா, அங்கன உன் சிரிப்பு பத்தல. லைன மூடுதோம்ங்கற எடத்துலயும் இன்னும் கொஞ்சம் போடு. வயித்தப் பிடிச்சிக்கிட்டு சிரிக்கணும், என்ன?”

7

அலமாரிக்குள் போய் உட்கார்ந்தேன். சிரிக்க வேண்டும், அவ்வளவுதான். சிரிப்பு வரவில்லை. ஏகாம்பரத்தை நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. இருமினேன், தொண்டையைச் செருமினேன், ஹாஹா என்றேன். எழவு வீட்டில் லாட்டரி விழுந்தவன் மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பச் சிரித்து, கடைசியில் அழுகையும் சிரிப்பும் எது எதென்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது. அதைத்தான் பிடித்தேன். அன்றைக்கு லீவில் இருந்த என் வீட்டுக்காரர் அலமாரிக் கதவைத் தட்டி, “இன்னா ஆச்சு உனக்கு? தனியா கெடந்து சிரிச்சினுகீறே? டாக்டராண்ட போலாமா?” என்று கேட்டார். பாவம், நிஜமாகவே பயந்துவிட்டார்.

அவள் சொன்ன இடங்களில் ஒட்டி, அன்று மாலையே ஏற்றிவிட்டேன். எங்கள் நிகழ்ச்சியிலேயே அதிகம் பேர் கேட்டது அதுதான். காரணம் பிறகு இசக்கி சொல்லித்தான் தெரிந்தது. பஸ்ஸில் டிரைவர் அதைப் போட்டபோது, எல்லாம் நிஜம் என்று தெரிந்த அத்தனை பெண்களும் முதலில் பேசாமல் இருந்தார்களாம். மைசூர்பாகு வந்ததும் ஒருத்தி சிரித்தாளாம். அப்புறம் பஸ்ஸே சிரித்ததாம். அன்றைக்கே ஆளாளுக்கு அந்த ஃபைலைத் தங்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். தேனிக்கு ஒன்று, அறந்தாங்கிக்கு ஒன்று, பரமக்குடிக்கு ஒன்று. அத்தனை பேர் வீட்டிலும் ஒரு அத்தை மகனோ, அதைவிட மோசமான ஏதோ ஒன்றோ காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

இசக்கி வீட்டிலிருந்து போன் வந்தது. தம்பி சொன்னானாம், அய்யா ரெக்கார்டைக் கேட்டுவிட்டுச் சிரித்தார் என்று. “ஏட்டி, நம்பிட்டாருட்டி!” என்று அவள் போட்ட கூச்சல் கொரியா வரைக்கும் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

8

நாலைந்து நாள் கழித்து, தெரியாத இந்திய நம்பரிலிருந்து எனக்கு ஒரு மிஸ்டு கால். கொரியாவுக்கு மிஸ்டு கால் கொடுக்கிற அந்த மகானுபாவன் யார் என்று திருப்பிக் கூப்பிட்டேன்.

“இசக்கி அய்யா பேசுதேன் தாயி. புளியங்குடியில இருந்து.”

உட்கார்ந்திருந்தவள் எழுந்து நின்றேன். “நல்லா கீறீங்களாப்பா?” என்றேன்.

“இருக்கேன். ரெக்கார்டு கேட்டேன்.”

“நல்லா இருந்திச்சாப்பா?”

“இருந்துச்சு.” பின்னால் மண்டியில் யாரோ விலை கூவினார்கள். “ஆரம்பத்துல இருந்து அம்புட்டையும் கேக்கேன்லா. உன் சிரிப்பு எனக்கு நல்லாப் பழக்கம். இந்தத் தடவ கொஞ்சம் கூடப் போயிருச்சு தாயி.”

வெட்ட முடியாத அமைதி அது.

“ஒரகடத்துல வேல கெடைக்குமா?” என்று கேட்டார்.

“கெடைக்கும்பா. தேடினுதான் கீறா.”

“தேடட்டும். அவ அத்தகிட்ட, தை பொறக்கட்டும் பாப்போம்னு சொல்லிட்டேன். தை பொறந்தா வேற ஏதாவது சொல்லிக்கிடுதேன்.” போனை வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. “நான் பேசுனத அவகிட்ட சொல்லிராத. எங்கய்யாவ நல்லா ஏமாத்திட்டேன்னு நெனச்சுக்கிட்டா தைரியமாத் தேடுவா. கேட்டியா?”

“சரிப்பா” என்றேன்.

ரெண்டு மாசத்தில் ஒரகடத்தில் கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் இசக்கி சேர்ந்துவிட்டாள். இப்போது பெர்மனென்ட். தையும் பிறந்து போய்விட்டது, அத்தை மகனுக்கும் வேறு இடத்தில் கல்யாணம் முடிந்து பிள்ளை பிறக்கப் போகிறதாம். நிகழ்ச்சியை நிறுத்தியது நான்தான். அய்யாவின் போனுக்கு அப்புறமும் சில வாரம் அலமாரிக்குள் போய் உட்கார்ந்து பார்த்தேன். சிரிக்க வாய் திறக்கும்போதெல்லாம், மண்டி வாசலில் ஒரு மனிதர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருப்பது ஞாபகம் வந்துவிடும். கூடவா, குறையவா என்று யோசித்துக்கொண்டே யாரால் சிரிக்க முடியும்?

இசக்கி எதையும் படிக்கிற வழக்கமில்லை, காதில் விழுந்தால்தான் உண்டு. ஆகவே தயவுசெய்து யாரும் இதை உரக்கப் படித்து ரெக்கார்டு பண்ணி பஸ்ஸில் போட்டுவிடாதீர்கள். இப்போதெல்லாம் மைக் இல்லாமல், கிழமை பார்க்காமல் பேசிக்கொள்கிறோம். சீட்டுத் துணி விலை, என் பையனின் சளி, பாதி நேரம் ஒன்றும் பேசாமல் சும்மா இருப்பது என்று போகிறது. எப்போதாவது அந்தப் பேச்சு வந்தால், “எங்கய்யாவ எப்பிடி ஏமாத்துனோம் பாத்தியாட்டி!” என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

நானும் சிரிக்கிறேன். அளவாக.